உடைவதற்கென்று ஒன்று

மஸ்கெலியாவில், ஸ்டோரின் பின்கட்டில்
உரம் கொட்டும் தொட்டியாக
இருபத்தெட்டு வருஷம் கிடந்திருக்கிறது அந்தப் படகு.
மூட்டைகளை இறக்கியதும்
எலிப்புழுக்கை, யூரியா நெடி,
ஒற்றைக்கால் மழைச்சப்பாத்து.
உள்பலகையில் யாரோ கத்தியால் கீறிய கணக்கு:
நான்கு கோடு, குறுக்கே ஒன்று,
நான்கு கோடு, குறுக்கே ஒன்று,
பிறகு மூன்று கோட்டோடு நின்றுவிட்டது.
மகோகனி என்றார்கள்.
தட்டிப் பார்த்தேன்.
தேத்தண்ணியில் ஊறிய பிஸ்கட்டின் சத்தம்.

பங்களா ஹோட்டல் மேனேஜர் தில்ருக்
ஒரு தாள் நிறைய எழுதி வந்திருந்தார்.
பட்டன் ஸ்டார்ட். எல்.ஈ.டி. லைட்.
போன் சார்ஜ் பண்ண ஓட்டை.
ஆழம் காட்டும் மெஷின்.
"எல்லாம் புதுசு. ஆனா பாத்தா
பழசா இருக்கணும்."

மரவேலைக்கு நீர்கொழும்பிலிருந்து அலோசியஸ்.
ஸ்வெட்டர் இரண்டு, அதற்கு மேல் என்னுடைய கோட்டு.
உப்பில்லாத தண்ணி மரத்தைத் தின்னும் என்று
மவுஸ்ஸாக்கலையைப் பார்த்துக் காறித் துப்பினான்.
விலா எலும்பு வளைக்க ஆவி வேண்டும்.
ஹோட்டல் குசினியின் இட்லிப் பானையில்
குழாய் சொருகித் தகரப் பெட்டிக்குள் விட்டான்.
ஏழு விலாவும்
மல்லிச் சட்னி வாசத்தோடுதான் வளைந்தன.
கணக்குக் கீறிய பலகையை மட்டும்
சீவ விடவில்லை.
அதன் மேலேயே வார்னிஷ் அடித்தான்.
காரணம் கேட்டதற்கு
"இது நல்ல பலகை" என்றான்.

எஞ்சின் என் பங்கு.
நோர்வூட்டில் லேத் வைத்திருக்கும் பொம்பளை நான் ஒருத்திதான்;
வருகிறவர்கள் முதலில் உள்ளே எட்டி
ஆம்பளை எங்கே என்று தேடுவார்கள்.
கார்புரேட்டரை டீசலில் ஊறப்போட்டேன்.
ஷாஃப்டை நேராக்கினேன்.
கடைசியில் ஒரு ஊசி.
விசிறியை ஷாஃப்டோடு பிணைப்பது அதுதான்.
பித்தளை. சுண்டுவிரலில் பாதி.
குறட்டால் அழுத்தினால் பள்ளம் விழுகிறது.
இத்தனை பெரிய எஞ்சினுக்கு இதுவா என்று
எனக்கே வெட்கமாகிவிட்டது.
ஸ்டீலில் கடைந்து போட்டேன்.
கேட்காமல் செய்த நல்லது.
பில்லில்கூட எழுதவில்லை.

இறக்கிய அன்று
எல்லாத் தையலிலும் தண்ணீர் பீறிட்டது.
தில்ருக்கின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.
"குடிக்கட்டும்" என்றான் அலோசியஸ்,
மாட்டைக் கழுவ வந்தவன் மாதிரி
கரையில் குந்திக்கொண்டு.
மூன்று நாள் அது கழுத்தளவு மூழ்கிக் கிடந்தது.
வெள்ளைக்காரத் தம்பதி போட்டோ எடுத்தார்கள்.
நாலாம் நாள் இறைத்தோம்.
பலகைகள் ஊதி ஒன்றையொன்று நெருக்கி
ஒரு சொட்டு விடவில்லை.

மார்ச் மாதம். தண்ணி இறங்கியிருந்தது.
பழைய டவுன் கிடக்கும் பக்கம்
மெதுவாகப் போகச் சொல்லியிருக்கலாம்.
ஆழம் காட்டும் மெஷின்
பன்னிரண்டு அடி என்றது, பன்னிரண்டு அடி,
பிறகு ஒன்று.
மதிலோ, கடை வாசற்படியோ.
அலோசியஸ் சிலுவை போட்டான்.
என் எடுபிடி பிரதீபன் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.
நான் மட்டும் சத்தத்தைக் கேட்டேன்:
சோளம் வறுபடுவதுபோல்
கியர்ப்பெட்டியில் பல் பல்லாக.

ஒரு துடுப்பு, ஒரு ஹோட்டல் ட்ரே.
அப்படித்தான் கரை வந்தோம்.
அலோசியஸ் விசிறியைக் கழற்றினான்.
என் ஊசி,
ஒரு கீறல் இல்லை.
உள்ளங்கையில் வைத்துக் கொடுத்தான்.
"நல்லாச் செஞ்சிருக்கு."
அவன் திட்டியிருக்கலாம்.

கியருக்கு என் கூலியில் பாதி போனது.
அன்றிரவே பித்தளையில் ஐந்து கடைந்தேன்.
ஒன்று எஞ்சினில்,
மற்ற நான்கும் சீட்டுக்கு அடியில்
நூலில் கோத்து.
இந்த முறை பில்லில் எழுதினேன்:
உடைவதற்கு - 5.

தில்ருக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
மறுபடி படித்தார்.
"உடையிறதுக்கா காசு?"

ஆமா சேர்.